சிவப்பு மை படாத பெயர்

எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ‘பி’ பிரிவில் பதினான்கு வருஷமாக இருபத்தேழாம் எண்ணுக்கு ஆள் கிடையாது, ஆனால் கடைசி நான்கு வருஷம் அந்த எண்ணைக் கூப்பிட்டால் பதில் வந்தது, பதில் சொன்ன பெண் அதே நேரத்தில் சென்னையில் உட்கார்ந்து டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டு நீங்கள் வாயைப் பிளந்தால் அது உங்கள் பாடு. நாகமடை விலக்கில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. மழை வந்தால் குடை, வெயில் வந்தால் துண்டு, குரல் வந்தால் வருகைப் பதிவு என்று அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர், பெயர் காந்திமதிநாதன், ஊருக்கெல்லாம் காந்தி சார். இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மூடி மறைக்கிற வயசைத் தாண்டிவிட்டேன், அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தை எங்கள் பக்கம் விலக்கு என்போம். பஸ் நிற்கும், ஒரு டீக்கடை இருக்கும், சுற்றிலும் முள் உடைமரம் இருக்கும், வேறொன்றும் இருக்காது. அங்கே அருணகிரி ஐயா தன் தாயார் பெயரில் பொன்னரசி கலை அறிவியல் கல்லூரியைக் கட்டினார். கட்டின புதிதில் எங்களுக்குப் பிள்ளை பிடிப்பதுதான் பெரிய பாடு. மே மாதம் வந்தால் வாத்தியார்மார் ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டி, உங்க பிள்ளையை எங்க கல்லூரிக்கு அனுப்புங்க என்று கெஞ்சுவார்கள். அப்படிக் கெஞ்சாமல் தானாக வந்து சேர்ந்த கொஞ்சம் பேரில் ஒருத்திதான் சண்முகவடிவு. அவள் அப்பா பேச்சிமுத்து தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றுகிற லாரி ஓட்டுபவர். மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். முடித்துவிட்டு, “எழுத்து சரியா இருக்கா சார்?” என்று என்னிடம் கேட்டார். மகள் சிரித்தாள், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது உள்ளூர் கேபிள்காரன் பொங்கலுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தினான், போன் பண்ணினால் கேட்ட பாட்டைப் போடுவான். அதைத் தொகுத்துப் பேச ஒரு பெண் வேண்டும் என்று இவளைக் கூப்பிட்டான், இவளும் போய், வணக்கம் நேயர்களே, உங்களுக்கு என்ன பாட்டு வேணும் என்று மூன்று நாள் பேசினாள். குரல் என்றால் அப்படி ஒரு குரல், பாட்டை விட்டுவிட்டு இவள் பேச்சைக் கேட்கவே ஜனங்கள் போன் பண்ணினார்கள். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் முதல்வர் அவளைக் கூப்பிட்டு, படிக்க அனுப்பினால் டிவியில் பல்லைக் காட்டுகிறாயா, கல்லூரிப் பெயர் கெட்டது, நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். பின்னாளில் இதே கல்லூரி அவள் டிவியில் வந்ததற்காக வாசலில் தோரண வளைவு கட்டியது. நாக்குக்கு நரம்பு இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் பேச்சிமுத்து சட்டையில் உப்பு அப்படியே படிந்திருக்க வந்தார். முதல்வர் அறையில் அவரை உட்காரச் சொல்லவில்லை. “பொட்டப்புள்ளைய டிவியில ஆடவிட்டுட்டு நீரு லாரில ஊர் சுத்திக்கிட்டு இருக்கீரோ” என்று முதல்வர் கேட்டது வராந்தா முழுக்கக் கேட்டது. அவர் வெளியே வந்தார், நடந்தார், நேராக இரண்டாம் ஆண்டு ‘பி’ வகுப்புக்குள் நுழைந்தார். முதல் மணி தமிழ் வகுப்பு. தமிழ்த்துறை சவரிமுத்து ஐயா வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார், தமிழ் வகுப்பில் எல்லாரும் ‘உள்ளேன் ஐயா’ என்றுதான் சொல்ல வேண்டும், அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் இருபத்தேழு என்றார். மூன்றாவது பெஞ்சின் ஜன்னலோரத்தில் சண்முகவடிவு எழுந்தாள், வாயைத் திறந்தாள், பதில் வருவதற்குள் அப்பாவின் கை அவள் கன்னத்தில் விழுந்தது.

அவள் அழவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வழியாக நடந்து போய் விலக்கில் பஸ் ஏறினாள். அன்று சாயங்காலமே அவள் அம்மா முத்துக்கனி ரெண்டு சேலையை ஒரு பையில் திணித்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு சென்னையில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பேச்சிமுத்து லோடு இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது வீட்டில் சோறு வடித்து வைத்திருந்தது, ஆள் இல்லை. சவரிமுத்து ஐயா அன்றைக்குப் பதிவேட்டில் என்ன போடுவது என்று தெரியாமல் தவித்தார். பிள்ளை வகுப்பில் இருந்தாள், அதனால் ஆப்சென்ட் போட முடியாது. பதில் சொல்லவில்லை, அதனால் பிரசென்ட்டும் போட முடியாது. அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டார்.

இப்போது என் பங்கு. ஒரு மாணவி கல்லூரியை விட்டுப் போனால் மாற்றுச் சான்றிதழ், எல்லாரும் டிசி என்பார்களே அது, வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். டிசி கொடுத்த அன்றைக்குத்தான் நான் பெரிய பதிவேட்டில் அந்தப் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு போடுவேன். சண்முகவடிவு டிசி வாங்கவில்லை. அவளைச் சேர்த்தது அப்பா, அதனால் டிசி கேட்டு மனுப் போட வேண்டியதும் அப்பாதான். சேர்த்த கைதான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. அவர் வரவில்லை. சிவப்பு மை படாத பெயரை விட்டுவிட எனக்கு அதிகாரம் இல்லை, அதனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் பதிவேடு எழுதும்போது இரண்டாம் ஆண்டு ‘பி’ பிரிவில் இருபத்தேழாம் இடத்தில் ‘பே. சண்முகவடிவு’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். கூட இருந்த பிள்ளைகள் படித்து முடித்துக் கல்யாணமாகிக் குழந்தை குட்டியோடு போனார்கள். இவள் மட்டும் இரண்டாம் ஆண்டிலேயே இருந்தாள். இருபத்தேழு என்று சவரிமுத்து ஐயா கூப்பிடுவார், பதில் வராது, ‘ஆ’ என்று ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார். பத்து வருஷம் அப்படிப் போனது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, கல்லூரிக்கு எதிரே லிங்கம் டீக்கடையில், பன் பாட்டிலுக்கு மேலே இருக்கும் டிவியில் காலை ஒன்பது மணிச் செய்தி ஓடியது, செய்திகள் வாசிப்பது சண்முகவடிவு என்று எழுத்து வந்தது. இனிஷியல் இல்லை. லிங்கம்தான் முதலில் அடையாளம் கண்டுபிடித்து, “ஏ, இது நம்ம பேச்சிமுத்து மகள்லா” என்றான். எல்லாரும் கிளாஸைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்பது இருபதுக்கு, அணையின் நீர்மட்டம் பற்றி வாசித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றாள், வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை, பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். லிங்கம் டிவி மண்டையில் ரெண்டு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தம் எங்கே போனது என்றால், இருநூறு அடி தள்ளி இரண்டாம் ஆண்டு ‘பி’ வகுப்பில், சவரிமுத்து ஐயா இருபத்தேழு என்றதும், மூன்றாவது பெஞ்சின் ஜன்னலோரத்திலிருந்து தெளிவாக வந்தது: உள்ளேன் ஐயா.

“யாருட்டி அது, ப்ராக்ஸி குடுக்கது?” என்று ஐயா கேட்டார். எல்லாரும் ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாளும் அதே குரல், அதற்கு மறுநாளும். நான்காம் நாள் ஐயா என்னிடம் வந்து, பதில் சொன்ன பிள்ளைக்கு ஆப்சென்ட் போட என் மனசு ஒப்பவில்லை காந்தி என்று சொல்லிவிட்டு வருகை போட்டார். பருவம் முடிவதற்குள் அவள் வருகை எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டியது, தாண்டினால் தேர்வு நுழைவுச்சீட்டு அடிக்க வேண்டும், அடித்தேன், வாங்க ஆள் வராததால் மேசை இழுப்பறையில் வைத்தேன். வகுப்புப் பெண்கள் பெஞ்சின் ஓரத்தை அவளுக்காகக் காலியாக விட்டு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், வெள்ளிக்கிழமை ஒரு முழம் பிச்சிப்பூவை அங்கே வைத்தார்கள், தேர்வு பயம் உள்ளவள் போகும்போது அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். லிங்கம் கடையில் அவள் வாய் அசைகிற நேரத்துக்குக் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தார்கள். வணிகவியல் பையன்கள் எங்கள் வகுப்புக்கு மட்டும் ஏன் குரல் வரவில்லை என்று முதல்வருக்கு மனுக் கொடுத்தார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பேச்சிமுத்துக்கு லிங்கம்தான் சொன்னான். அவர் லாரியை விலக்கில் ஓரங்கட்டிவிட்டு, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றார். இருபத்தேழு என்ற சத்தமும் அதற்குப் பதிலும் கேட்டது. கேட்டுவிட்டுப் போய் லாரிப் படியில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை வந்தார், பிறகு தினமும் வந்தார். அவருக்கு ஒரு கஷ்டம் இருந்தது, டீக்கடையில் நின்றால் முகம் உண்டு, ஆனால் அவள் ஊருக்குத்தான் வாசிப்பாள், அந்தப் பதில் அங்கே கேட்காது. ஜன்னலில் நின்றால் பதில் உண்டு, முகம் இல்லை. வாய் அசைவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தால் கேட்டுவிடலாம் என்று சில நாள் அந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியும் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் அந்தப் பதிலே போதும் என்று ஜன்னலுக்கு வந்துவிட்டார். தினமும் அவள் உள்ளேன் ஐயா என்றதும், அடுத்த அறையிலிருந்து பிள்ளை கூப்பிட்டால் சொல்வோமே, அந்த மாதிரி இவர் மெதுவாக “ம்” என்பார். அவள் அவரிடம் பதினான்கு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை, இவரும் போன் பண்ணியதில்லை, பண்ணினால் என்ன பேசுவது என்று இவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு “ம்” தான் அவர்களுக்குள் இருந்த பேச்சு.

அருணகிரி ஐயாவுக்கு விஷயம் எட்டிய பிறகுதான் ஊர் மாறியது. அவள் முகம் விலக்கில் விளம்பரப் பலகையில் இருபது அடி உயரத்துக்கு நின்றது, எங்கள் மாணவி, உங்கள் திரையில் என்று கீழே எழுதியிருந்தது. வகுப்பில் பெரிய டிவி மாட்டினார், முகமும் குரலும் ஒன்றாகக் கிடைத்தது. கதவைத் தட்டிக் கெஞ்சின நாங்கள் வாசலைச் சாத்தி வரிசையில் விட வேண்டியதாயிற்று. நாலு ஜில்லாவிலிருந்து பெற்றோர் வேன் பிடித்து வந்தார்கள், பெஞ்சைப் பார்த்தார்கள், டிவியைப் பார்த்தார்கள், குரலைக் கேட்டார்கள், நம்ம பிள்ளையும் ஒருநாள் டிவியில வரும் என்று படிவம் வாங்கினார்கள். ஆய்வுக்குழு வந்து அவர்களும் கேட்டுவிட்டு, முன்னாள் மாணவர் தொடர்பு மிகச் சிறப்பு என்று எழுதினார்கள். அவள் முன்னாள் மாணவி இல்லை ஐயா, இந்நாள் மாணவி, பதிவேடு இருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்லூரி பல்கலைக்கழகம் ஆனது. பேச்சிமுத்துவை லாரியிலிருந்து இறக்கி, நீல யூனிபார்ம் கொடுத்து, மூன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு டிரைவராகப் போட்டார்கள். பஸ்ஸின் முதுகு முழுக்க மகளின் முகம். பின்னால் வருகிறவன் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான், ஓட்டுகிறவர் மட்டும் பார்க்க முடியாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். போன மே மாதம் வரிசை நீண்டுபோனதால் ஒரு நாளைக்கு ஒரு தடவை கூப்பிட்டால் போதாது என்று ஆகிவிட்டது, பெற்றோரை ஐம்பது ஐம்பது பேராகப் பிரித்து, ஒன்பது இருபதுக்கு ஒரு தடவை, பத்தரைக்கு ஒரு தடவை, பதினொன்றரைக்கு ஒரு தடவை, பிறகு மத்தியானமும் கூப்பிட்டார்கள். சவரிமுத்து ஐயா, பிள்ளையை இப்படிச் சும்மா சும்மா கூப்பிடக்கூடாது என்று பதிவேட்டை மூடிவிட்டார். விளம்பரப் பிரிவுக்காரன் மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டான். பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை யார் கூப்பிட்டாலும் பதில் வந்தது. ஆனால் டிவியில் அவள் நிற்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. முன்பு ஒரு மூச்சு நேரம் நின்றவள், இப்போது பத்து எண்ணுகிற நேரம் வாயைத் திறந்தபடி நின்றாள்.

ஜூன் முதல் வாரம் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, தினமும் கேட்கிற குரல்தானே.

“சார், சண்முகவடிவு பேசுறேன். செகண்ட் இயர் பி.”

பதினான்கு வருஷம் கழித்தும் அப்படித்தான் சொன்னாள்.

“சொல்லும்மா, நல்லா இருக்கியா?”

“இல்ல சார். யாரோ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. பதில் சொல்லாம இருக்க முடியல. சொல்லி முடிக்கிற வரைக்கும் கை கால் ஓடல. டாக்டர்கிட்ட போனேன், ஸ்கேன் எடுத்தேன், ஒண்ணுமில்லங்காங்க. இப்படியே நின்னுக்கிட்டு இருந்தா திரையை விட்டு எடுத்துருவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நான் டிசி வாங்காம வந்துட்டேன்லா சார், அதைக் குடுத்துருங்க. அனுப்பிருங்க.”

நான் விதியைச் சொன்னேன். இருபது வருஷம் விதியைச் சொல்லியே பழகின வாய். “குடுத்துரலாம்மா. அப்பா கையெழுத்து ஒண்ணு வேணும்.”

“அப்ப வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அருணகிரி ஐயாவிடம் சொன்னேன். அவர் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு, பல்கலைக்கழகத் திறப்பு விழா முடியுறவரைக்கும் எதிலும் கையெழுத்துப் போட்றாதேயும், போட்டா பஸ் சாவியைக் குடுத்துட்டுப் போயிரும் என்றார். பேச்சிமுத்து என்னிடம் வந்து, எதற்கு டிசி கேட்கிறாள் என்று கேட்டார். நான் அவள் சொன்னதைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒரு காகிதந்தானே சார், மெதுவாக் குடுப்போம்” என்றார். வேலைக்குப் பயந்து சொன்னார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வேலைக்காக இல்லை. லாரி ஓட்டினவனுக்கு எங்கே போனாலும் ஸ்டியரிங் கிடைக்கும். தினமும் வருகிற அந்தப் பதிலை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான், எனக்கு அது தெரிந்தது, தெரிந்தும் நானும் வற்புறுத்தவில்லை, ஏனென்றால் காலையில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பது எனக்கும் பழகிவிட்டது. இப்படியே ரெண்டு மாசம் தள்ளினோம்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும், பேச்சிமுத்து அலுவலகத்துக்குள் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். சேர்க்கைக்கு வந்தபோது நின்ற அதே இடம். கையில் போனைப் பிடித்திருந்தார்.

“முத்துக்கனி பேசினா சார்” என்றார். மனைவி போன் பண்ணியது பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

“என்ன சொன்னாங்க அண்ணாச்சி?”

“நேத்து மத்தியானம் புள்ள ரோட்டைத் தாண்டியிருக்கா. நட்டநடு ரோட்டுல நின்னுட்டாளாம். இவ கையைப் பிடிச்சி இழுக்கா, நகரல, வாயைத் திறந்துக்கிட்டு நிக்காளாம். பஸ்ஸு வந்து ஒரு சாண் தள்ளி பிரேக் அடிச்சானாம்.” அவர் போனை மேசைமேல் வைத்தார். “நேத்து மத்தியானம் நானும் அந்த ஜன்னல்லதான் சார் நின்னேன். குரல் வந்திச்சு. ம்-னு சொன்னேன்.”

அவரை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சிவப்பு மை போட்டா நின்னுருமா சார்?”

“நின்னுரும்னுதான் நெனைக்கேன்.”

“அப்புறம் கேக்காதுல்லா.”

“கேக்காது அண்ணாச்சி.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “நாளைக்குக் காலையில ஒரு தடவ கேட்டுட்டு வந்து போடட்டா?” என்று கேட்டார், கேட்ட வாய் மூடுவதற்குள் தலையை ஆட்டினார். “வேண்டாம் சார். பதினொன்றரைக்கு மைக்குக்காரன் திரும்பக் கூப்பிடுவான். இப்பவும் எங்கயாச்சும் ரோட்டைத் தாண்டிக்கிட்டு இருப்பா. குடுங்க, போடுதேன்.”

மனுவில் கையெழுத்துப் போட்டார். பழைய மாதிரியே ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திப் போட்டார், ஆனால் எழுத்து சரியாக இருக்கிறதா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நான் டிசி புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பெயர், தந்தை பெயர், சேர்ந்த தேதி எல்லாம் எழுதிவிட்டு, விலகியதற்கான காரணம் என்ற கட்டத்துக்கு வந்தேன். அதில் எல்லாருக்கும் சொந்தக் காரணம் என்றுதான் எழுதுவோம், பேனாவை வைத்தேன்.

“அதுல என்ன சார் எழுதப் போறீங்க?”

சொன்னேன்.

“அப்படி எழுதாதீங்க. அவ காரணம் இல்ல அது. அப்பா வகுப்புக்குள்ள வந்து அடிச்சாரு, அதனால போனான்னு எழுதுங்க. அவமேல ஒரு தப்பும் இல்லன்னு எழுதுங்க.”

“அண்ணாச்சி, இது சர்க்கார் ஃபாரம்.”

“இருக்கட்டும் சார். அவ வாசிக்கணும்.”

எழுதினேன். என் இருபது வருஷத்தில் அப்படி ஒரு டிசி எழுதியதில்லை. அடுத்த கட்டம் நடத்தையும் ஒழுக்கமும். நன்று என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். பிறகு பெரிய பதிவேட்டைத் திறந்து, பே. சண்முகவடிவு என்ற பெயர் மேல் சிவப்பு மையில் கோடு போட்டேன். பேச்சிமுத்து குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார், ஈரம் காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார், நானும் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பதினொன்றரைக்கு மைக்கில் இருபத்தேழு என்ற சத்தம் கேட்டது. பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டான், திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஐம்பது பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரமாச்சு என்று எழுந்து வேனுக்குப் போனார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேச்சிமுத்து அன்றைக்கே சாவியைக் கொடுத்தார். என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள், டிசியைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் நான் மேசையைக் காலி செய்தேன். அருணகிரி ஐயா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை, அடுத்த வாரம் எங்களிடம் படித்த ஒரு பையன் டிவி சமையல் போட்டியில் மூன்றாம் சுற்றுக்கு வந்துவிட்டான் என்று தெரிந்ததும் முகம் தெளிந்தார். விலக்கில் அவனை நிறுத்தினார்கள், கையில் கரண்டியோடு. மூன்றாம் நம்பர் பஸ்ஸின் முதுகிலும் அவனே. ஜனங்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். டிவியில் சண்முகவடிவு காலை ஒன்பது மணிச் செய்தியை ஓரிடத்திலும் நிற்காமல் வாசித்தாள், லிங்கம் கடையில் இப்போது அவரவர் கடிகாரம் அவரவர் நேரத்தைக் காட்டுகிறது. வகுப்புப் பெண்கள் இன்னும் பெஞ்சின் ஓரத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தார்கள். சவரிமுத்து ஐயா இருபத்தாறு முடித்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு இருபத்தெட்டுக்குப் போவார்.

பத்து நாள் கழித்துத் தபால் பெற்றுக்கொண்டதற்கான அட்டை திரும்பி வந்தது. அதில் அவள் கையெழுத்து இருந்தது. டிவியில் இல்லாத இனிஷியலோடு, பே. சண்முகவடிவு என்று முழுசாகப் போட்டிருந்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பேச்சிமுத்துக்குச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்து வந்தார், யூனிபார்ம் இல்லை, வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. அட்டையைக் கொடுத்தேன். கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், “இனிஷியல் போட்டிருக்கா சார்” என்றார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார், கால் பழகின வழியில் போய் வேப்பமரத்தடி ஜன்னலில் நின்றது. நானும் பின்னாலேயே போனேன்.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைக்க யாரும் சொல்லவில்லை. சண்முகவடிவு ஏதோ ஒரு மாவட்டத்தில் பெய்த மழையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது இருபது. சவரிமுத்து ஐயா இருபத்தைந்து என்றார், இருபத்தாறு என்றார். பிறகு ஒரு மூச்சு விட்டு, இருபத்தேழு என்றார். வாய் தவறி வந்துவிட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னார், நான் நம்பவில்லை, ஏனென்றால் அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

டிவியில் அவள் நிற்கவில்லை. மழை அளவை வாசித்தாள், அணையின் அளவை வாசித்தாள், பெஞ்சின் ஓரம் சும்மா கிடந்தது. வகுப்பு முழுக்க அந்த ஓரத்தையே பார்த்தது.

“உள்ளேன் ஐயா” என்றார் பேச்சிமுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

யாரும் சிரிக்கவில்லை. சவரிமுத்து ஐயா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “இருபத்தெட்டு” என்றார்.